நூபியாவின் பழைய நீர்வண்ண ஓவியங்களைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

அபு சிம்பெல் கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம். அது ஏறக்குறைய 3,200 ஆண்டுகள் நின்ற இடத்தைத்தான் பார்க்க முடியாது. அந்த இடம் இப்போது, அஸ்வான் பேரணையால் உருவான நாசர் ஏரிக்கு அடியில் இருக்கிறது. 1964 முதல் 1968 வரை கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் மேலே தூக்கி, ஆற்றைவிட்டு 200 மீட்டர் தள்ளி மறுபடி கட்டினார்கள். கல் தப்பித்தது. கோயிலுக்கு முன்னால் இருந்த கரை, பக்கத்தில் சரிந்து கிடந்த மணல், சுற்றியிருந்த பேரீச்சை, ஊர், வயல் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன.

அந்த நிலத்தை அதன் நிறத்தோடு பார்க்க வேண்டுமானால், 19ஆம் நூற்றாண்டில் படகேறிப் போனவர்கள் வரைந்த நீர்வண்ண ஓவியங்களிடம்தான் போகவேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஆனால் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் நடுவில் இருக்கும் கோயிலைப் பார்த்து, "அழகாயிருக்கிறது" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரே ஒரு தாளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காட்டத்தான் இந்த வழிகாட்டி. நான் பின்பற்றுகிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஆற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

நூபியா என்பது அஸ்வானில் இருக்கும் நைலின் முதல் அருவித்தொடரிலிருந்து தெற்கே, இன்றைய சூடானுக்குள் வெகுதூரம் நீளும் நிலம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் "மேல் நூபியா" என்றால் தெற்கு, "கீழ் நூபியா" என்றால் வடக்கு. தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான்.

அஸ்வானிலிருந்து தெற்கே போகும் படகுக்கு வரிசையாக எதிர்ப்பட்ட இடங்கள் இவை: ஃபிலே தீவு, தெபோத், கெர்தாசி, தாஃபே, கலாப்ஷா, தெந்தூர், கெர்ஃப் ஹுசைன், தாக்கா, வாதி எஸ்-செபுவா, அமாதா, தெர், கஸ்ர் இப்ரிம், அபு சிம்பெல். அதற்கும் தெற்கே வாதி ஹல்ஃபா, இரண்டாம் அருவித்தொடர், அதைப் பார்த்து நிற்கும் அபுசிர் பாறை. பெரும்பாலான பயணிகள் அந்தப் பாறையில் ஏறி, பெயரைச் செதுக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். துணிந்த சிலர் மட்டும் அதைத் தாண்டி சோலெப், ஜெபெல் பர்கல், மெரோவே, நாகா வரை போனார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஓவியங்களின் தலைப்பில் இந்தப் பெயர்கள் இதே உருவில் வராது. அபு சிம்பெல், "இப்சாம்புல்" என்றும் "எப்சாம்பல்" என்றும் இருக்கும். கலாப்ஷாவை "கலாப்ஷி" என்றோ, "தால்மிஸ்" என்ற கிரேக்கப் பெயராலோ குறித்திருப்பார்கள். கெர்ஃப் ஹுசைன் "கிர்ஷே" ஆகியிருக்கும். இன்னொன்று முக்கியம்: அந்தக் காலத்துத் தலைப்பில் "எத்தியோப்பியா" என்று கண்டால் இன்றைய எத்தியோப்பியாவை நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது சூடானின் மெரோவே பக்கம்தான்.

படி 1: கையில் இருப்பது ஓவியமா, அச்சா?

இணையத்தில் "டேவிட் ராபர்ட்ஸ் நீர்வண்ணம்" என்று உலவுபவற்றில் மிகப் பெரும்பகுதி நீர்வண்ணமே இல்லை. அவை லித்தோகிராஃப், அதாவது கல்லச்சுப் படங்கள். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட்ஸ் 1838 நவம்பரில் அபு சிம்பெலில் இருந்தார். அவர் கொண்டுவந்த ஓவியங்களைக் கல்லில் மறுபடி வரைந்தவர் லூயி ஹாகே என்ற பெல்ஜியக் கலைஞர். வலக்கை ஊனமானதால் இடக்கையால் வரைந்தவர் அவர். 1842 முதல் 1849 வரை, புனித பூமியில் தொடங்கி எகிப்தும் நூபியாவும் வரை, சந்தாதாரர்களுக்குப் பகுதி பகுதியாக அந்தப் படங்கள் வெளிவந்தன. விலை உயர்ந்த பதிப்புகளில் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள்.

இரண்டையும் பிரித்தறிய, படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள். நிழல் விழும் பகுதியில் மெழுகுக் கோல் தேய்த்ததுபோல் சொரசொரப்பான கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது கல்லச்சு. நீர்வண்ணத்தில் நிறம் காகிதத்தின் குழிகளில் தேங்கியிருக்கும். ஒரு பூச்சு காய்ந்த விளிம்பில் மெல்லிய கரை கட்டியிருக்கும், அடியில் பென்சில் கோடு எட்டிப்பார்க்கும். சீரான வட்டப் பூ வடிவில் நான்கு நிறப் புள்ளிகள் தெரிந்தால் அது நம் காலத்து ஆஃப்செட் அச்சு. பழைய பொருள் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? கல்லச்சுக்கு வண்ணம் தீட்டியவர்கள் லண்டனில் உட்கார்ந்து தீட்டியவர்கள். நூபிய வானத்தை அவர்கள் பார்த்ததில்லை. கோட்டுக்கு ஹாகேயை நம்பலாம். நிறத்துக்கு மூலத் தாளைத்தான் தேட வேண்டும்.

படி 2: வரைந்தவர் எதற்காக அங்கே போனார்?

எல்லா ஓவியரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. இது தெரியாமல் படித்தால் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு வகையினர் அளப்பவர்கள். பிரிட்டனின் வில்லியம் ஜான் பேங்க்ஸ் 1815இலும், மறுபடி 1818-19இலும் நூபியாவுக்குப் போனார். இரண்டாம் முறை ஹென்றி பீச்சி, லினாந் த பெல்லெஃபோன், ரிச்சி ஆகியோரை வரைவதற்கென்றே அழைத்துப் போனார். ராபர்ட் ஹே 1820களிலும் 30களிலும் இன்னும் பெரிய குழு வைத்திருந்தார். இவர்கள் பலரும் பயன்படுத்திய கருவி கேமரா லூசிடா. வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் 1806இல் காப்புரிமை பெற்றது. ஒரு சிறு பட்டகம், அதைத் தாங்க ஒரு தண்டு, அவ்வளவுதான். பட்டகத்தின் விளிம்பு வழியே பார்த்தால் எதிரில் உள்ள கோயிலும் கீழே உள்ள தாளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டலாம். இப்படி வந்த ஓவியம் கொஞ்சம் உயிரற்றதுபோல் தோன்றும், கோடு ஒரே தடிமனில் இருக்கும். ஆனால் தூணின் இடைவெளி, சுவரின் சாய்வு, இடிந்த பகுதியின் வடிவம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிரஷ்ய அரசு அனுப்பிய லெப்சியஸ் குழுவும் இந்த வகைதான். 1842 முதல் 1845 வரை வேலை செய்தது. எர்ன்ஸ்ட், மாக்ஸ் வைடென்பாக் சகோதரர்கள் வரைந்த தாள்களில் உருவங்களும் எழுத்துகளும் வரி வரியாக இருக்கும், வானம் வெறும் மெல்லிய பூச்சாக இருக்கும்.

அடுத்த வகையினர் காட்சிக்காரர்கள். ராபர்ட்ஸ் இளமையில் நாடக மேடைகளுக்குத் திரை வரைந்தவர். எங்கே வெளிச்சம் விழ வேண்டும், எங்கே ஆளை நிறுத்த வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கலை. பழுப்புத் தாளில் பென்சில், மேலே நீர்வண்ணம், வெயில் படும் இடத்தில் கெட்டியான வெள்ளை என்று வேலை செய்வார். அவரிடம் கட்டடம் உண்மையாக இருக்கும், மனிதர்கள் மேடைப் பாத்திரங்களாக இருப்பார்கள்.

ஆங்கிலேய ஓவியர் எட்வர்ட் லியர் இந்த இரண்டிலும் சேராதவர், எனக்கு மிகப் பிடித்தவரும் அவர்தான். 1854 தொடக்கத்தில் ஃபிலே தீவில் தங்கி வரைந்தார். 1867இல் வாதி ஹல்ஃபா வரை போனார். வெட்டவெளியில் நின்று பென்சிலால் வேகமாகக் கோடிடுவார். அந்தத் தாளிலேயே இடம், தேதி, மணி, வரிசை எண் எல்லாம் எழுதிவிடுவார். இந்த மலை இளஞ்சிவப்பு, இங்கே மணல், அங்கே நிழல் ஊதா என்று நிறங்களைச் சொல்லாகவே குறித்துவைப்பார். சில சமயம் ஆங்கிலச் சொற்களை வேண்டுமென்றே வேடிக்கையாகத் திரித்து எழுதுவார். பிறகு நிதானமாகப் பென்சில் மேல் பேனா ஓட்டி, குறிப்பைப் பார்த்து வண்ணம் பூசுவார். ஆகவே லியரின் தாளில் கோடு அந்த இடத்தில் பிறந்தது, நிறம் பின்னால் வந்தது. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது அவர் கைப்பட எழுதிய குறிப்பு. முதலில் அந்த எழுத்தைப் படியுங்கள், பிறகு ஓவியத்தைப் பாருங்கள். இதே பழக்கத்தோடுதான் அவர் 1874இல் சென்னைக்கும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் வந்தார். அந்தத் தாள்களிலும் இதே எண்களையும் தேதிகளையும் காணலாம்.

படி 3: காலத்தைக் கண்டுபிடியுங்கள்

தாளில் தேதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஆறே ஓரளவு சொல்லிவிடும்.

பயணிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை போனார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும், பாய் விரித்தால் படகு நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகும். காற்று இருக்கும்போது நிற்பது வீண் என்பதால், போகும்போது வேகமாக மேலே போய்விட்டு, நீரோட்டத்தோடு திரும்பும்போது ஒவ்வொரு கோயிலாக இறங்கிப் பார்ப்பதுதான் வழக்கம். அதனால் ஒருவருடைய தாள்களைத் தேதிப்படி அடுக்கினால் பல சமயம் தெற்கிலிருந்து வடக்காக வரும். ராபர்ட்ஸ் விஷயமும் அதுதான்: அபு சிம்பெல் முதலில், மற்ற நூபியக் கோயில்கள் பின்னால். "ஏன் பயணம் தலைகீழாக இருக்கிறது?" என்று குழம்ப வேண்டாம்.

அடுத்தது நீர்மட்டம். அணைகள் இல்லாத காலத்தில் நைல் வெள்ளம் செப்டம்பர் வாக்கில் உச்சத்துக்கு வரும், பிறகு மெல்ல இறங்கும். நவம்பர் ஓவியத்தில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு அகலமாகக் கிடக்கும். பிப்ரவரி ஓவியத்தில் ஆறு ஒடுங்கி, உயரமான சேற்றுக்கரை, நடுவே மணல்திட்டு, கரைச் சரிவில் பச்சைப் பயிர் எல்லாம் தெரியும். ராபர்ட்ஸையும் லியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

பொருளும் சொல்லும். வாட்மன் ஆலைக் காகிதத்தின் நீர்க்குறியில் பெரும்பாலும் ஆண்டு இருக்கும். அதற்கு முன்னால் அந்த ஓவியம் பிறந்திருக்க முடியாது. துத்தநாக வெள்ளையை நீர்வண்ணக்காரர்களுக்கு ஏற்றவாறு "சைனீஸ் ஒயிட்" என்ற பெயரில் வின்சர் அண்டு நியூட்டன் 1834இல் விற்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்துப்போகும். வெயிலில் மின்ன வேண்டிய தூணின் விளிம்பு சாம்பல் கருப்பாக இருந்தால் அதுதான் காரணம். வானம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அவுரி நீலத்தையும் செம்மண் நிறத்தையும் கலந்து பூசிய வானத்தில், வெளிச்சம் பட்டுப்பட்டு நீலம் போய்விடும், சிவப்பு தங்கிவிடும். நூபியாவில் வானம் ரோஜா நிறமாக இருந்தது என்று முடிவுகட்டும் முன், சட்டத்துக்குள் மறைந்திருந்த விளிம்பைக் காட்டும் புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் படாத அந்தப் பட்டையில் பழைய நீலம் அப்படியே இருக்கும்.

படி 4: வெயில், மணல், அளவு

இதை அபு சிம்பெலை வைத்தே செய்து பார்ப்போம். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்ற கோயில்களில் நீங்களே செய்வீர்கள்.

பெரிய கோயிலின் முகப்பு கிழக்கே பார்க்கிறது. ஆகவே ராமேசஸ் மன்னரின் நான்கு பெரிய சிலைகள் மேலும் வெயில் விழுவது காலையில்தான். மதியத்துக்குப் பிறகு முகப்பு நிழலுக்குப் போய்விடும். ஓவியத்தில் சிலைகளின் முகம் பொன்னிறமாகச் சுடர்ந்தால் அது விடியல். தலைப்பில் "மாலை" என்று இருந்து முகத்தில் வெயிலும் அடித்தால், அந்த ஒளி லண்டனிலோ பாரிஸிலோ வீட்டுக்குப் போனபின் சேர்த்தது.

அடுத்து, நீங்கள் முகப்பைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம் மேற்கே. வலக்கைப் பக்கம் வடக்கு, அந்தப் பக்கம் ராமேசஸின் அரசி நெஃபெர்த்தாரியின் சிறிய கோயில். இரண்டு கோயில்களுக்கும் இடையே பாறை மேலிருந்து மணல் அருவிபோல் சரிந்து வந்துகொண்டே இருந்தது. வலக்கோடிச் சிலைதான் எப்போதும் மணலில் அதிகம் புதைந்திருக்கும். 1813இல் சுவிஸ் பயணி புர்க்ஹார்ட் பார்த்தபோது பெரும்பகுதி மணலுக்குள் இருந்தது. இத்தாலியரான பெல்சோனி தோண்டி, 1817 ஆகஸ்ட் 1 அன்று உள்ளே நுழைந்தார். உள்ளே அவ்வளவு வெக்கை, கையின் வியர்வையிலேயே வரைதாள் நனைந்து எழுத முடியாமல் போனது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பேங்க்ஸ் குழு 1819இல் தென்கோடிச் சிலையை மணலிலிருந்து விடுவித்தது. அப்புறம் மணல் திரும்பி வந்தது, மறுபடி வாரினார்கள், மறுபடி வந்தது. ஆக, மணல் எந்தச் சிலையின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து எழுதிவைத்து, வெவ்வேறு ஆண்டுத் தாள்களை வரிசையாக அடுக்கினால், ஒரு நூற்றாண்டு மணலின் நடமாட்டமே உங்கள் முன்னால் வந்துவிடும். இடமிருந்து இரண்டாவது சிலையின் தலையும் மேலுடலும் பழங்காலத்திலேயே விழுந்துவிட்டன. எந்த ஓவியத்திலாவது அது முழுசாக இருந்தால் வரைந்தவர் அங்கே போகவில்லை என்று அர்த்தம்.

அளவைச் சோதிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு சிலையும் சுமார் 20 மீட்டர். ஒரு ஆள் 1.7 மீட்டர் என்றால், சிலை ஆளைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு. சிலையின் காலடியில் ஒட்டி நிற்கும் மனிதனைத் திரையில் அளந்து, சிலையோடு வகுத்துப் பாருங்கள். மணலில் புதைந்த பகுதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினாறு, பதினெட்டு என்று வந்தால், கோயிலைப் பெரிதாகக் காட்ட ஓவியர் மனிதனைச் சுருக்கியிருக்கிறார். முன்னணியில் நிற்கும் ஆட்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தூரம் குழப்பிவிடும்.

அபு சிம்பெலை விட்டுப் போகும்முன் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். 1874இல் ஆங்கில எழுத்தாளர் அமீலியா எட்வர்ட்ஸ் அங்கே படகைக் கட்டிக்கொண்டு 18 நாள் தங்கி நீர்வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். வடகோடிச் சிலையின் முகத்தில் வெள்ளைத் திட்டுகள். பல ஆண்டுகளுக்கு முன் ராபர்ட் ஹேயின் ஆட்கள் அந்த முகத்துக்குச் சாந்தில் அச்சு எடுத்தபோது ஒட்டிக்கொண்டவை அவை. எட்வர்ட்ஸ் படகோட்டிகளை ஏற்பாடு செய்தார். துடுப்புகளையும் கம்புகளையும் கட்டிச் சாரம் எழுப்பி ஏறினார்கள். கட்டியாக நின்ற சாந்தைத் தட்டி எடுத்தார்கள். அதன் பிறகும் வெளுத்துத் தெரிந்த இடங்களில் கெட்டியான காபியைத் தொட்டுத் தொட்டுப் பூசினார்கள், குச்சி நுனியில் பஞ்சு கட்டி. படகின் தலைவருக்கு மட்டும் மரியாதைக்காகக் குழுவில் இருந்த ஓவியரின் பழைய தூரிகை. மூன்று மதியம் வேலை நடந்தது. இருந்த காபியெல்லாம் தீருகிறதே என்று சமையற்காரர் புலம்பினார். ராமேசஸின் முகத்தின்மேலேயே ஒரு நீர்வண்ணப் பூச்சு! அந்த ஆண்டுக்கு முன் வரைந்த நல்ல தாளில் அந்த வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா என்று நான் இன்றும் தேடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

படி 5: புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள்

1850இல் மாக்சிம் த்யூ கான், 1851-52இல் ஃபெலிக்ஸ் தேனார், 1857 முதல் பிரான்சிஸ் ஃபிரித் இதே கோயில்களைப் புகைப்படம் எடுத்தார்கள். கோட்டையும் உடைசலையும் சரிபார்க்க இவை போதும். நிறத்துக்கு உதவாது. அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு மட்டும் அதிகம் எதிர்வினை காட்டியதால் வானம் வெறும் வெள்ளையாக விழுந்திருக்கும்.

ஃபிலேயில் இந்த வித்தியாசம் வலிக்கிற அளவுக்கு முக்கியம். ஐசிஸ் கோயிலின் முன்மண்டபத்தில் பத்துத் தூண்கள், அவற்றின் உச்சியில் உள்ள தூண்தலைகளில் நீலமும் பச்சையும் சிவப்புமாகப் பழைய வண்ணம் 19ஆம் நூற்றாண்டு முழுக்க இருந்தது. 1902இல் அஸ்வான் பழைய அணை முடிந்தது. அதை 1912இலும் 1933இலும் இன்னும் உயர்த்தினார்கள். ஆண்டில் பல மாதம் தீவு தண்ணீருக்குள் கிடந்தது. வண்ணம் கரைந்துபோனது. 1980இல் பக்கத்து அகில்கியா தீவில் மறுபடி எழுந்த கோயிலில் தூண் இருக்கிறது, அந்த நிறம் இல்லை. ஆகவே ஃபிலே முன்மண்டபத்தின் உட்புறத்தைக் காட்டும் நீர்வண்ணம் எது கிடைத்தாலும் தூண் தூணாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு ஓவியர்கள் ஒரே தூண்தலையில் ஒரே நிறத்தைக் காட்டினால் அதைக் குறித்துவையுங்கள்.

படி 6: கோயிலிலிருந்து கண்ணை எடுங்கள்

இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஓவியத்தின் நடுப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு ஓரங்களை மட்டும் பாருங்கள்.

கோயில்களை மீட்க 1960இல் யுனெஸ்கோ உலகத்தைக் கூப்பிட்டது, உலகமும் வந்தது. ஊர்களுக்கு அப்படி யாரும் வரவில்லை. எகிப்தியப் பக்கத்திலிருந்து சுமார் 50,000 நூபியர்களை 1963-64இல் கொம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். சூடானின் வாதி ஹல்ஃபா பகுதியிலிருந்தும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மக்கள் வெகுதூரம் தள்ளி கஷ்ம் எல்-கிர்பாவுக்குப் போனார்கள். ஏரி எகிப்திலும் சூடானிலுமாக ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீண்டது. அந்த நீளம் முழுக்க இருந்த கரை வாழ்க்கை போய்விட்டது.

அந்த வாழ்க்கை இந்த ஓவியங்களின் ஓரங்களில் இருக்கிறது. ஓவியர்கள் அதைப் பெரிதாக நினைத்து வரையவில்லை, இடம் நிரப்ப வரைந்தார்கள். அதனாலேயே அதை நம்பலாம். என்னவெல்லாம் தேடலாம்? கரையில் மாடு சுற்றும் சக்கர ஏற்றம், அதன் சக்கரத்தில் வரிசையாகக் கட்டிய மண்குடங்கள். தட்டைக் கூரையுள்ள மண்வீடுகள், அவை கரையைவிட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பது. நேராக ஒற்றையாக நிற்கும் பேரீச்சை, இரண்டிரண்டாகக் கிளைவிடும் டூம் பனை. மலை அடிக்கும் ஆற்றுக்கும் நடுவே சில கஜ அகலத்துக்கு மட்டும் ஓடும் பச்சைப் பட்டை. கீழ் நூபியாவில் விளைநிலம் என்று இருந்தது பல இடங்களில் அந்தப் பட்டைதான்.

தொடுவானத்து மலைகளின் வரியையும் தனியாக ஒரு தாளில் நகலெடுங்கள். லியர் இதில் மிகக் கவனமானவர். மலை உச்சிகள் இன்றும் ஏரிக்கு மேலே தீவுகளாகவும் முனைகளாகவும் நிற்கின்றன. கஸ்ர் இப்ரிமில் இது மிகத் தெளிவு. பழைய ஓவியங்களில் அது ஆற்றுக்கு மேலே தலையண்ணாந்து பார்க்க வேண்டிய செங்குத்துப் பாறை. இடம் மாற்றாமல் விட்ட அந்தக் கோட்டை இன்று தண்ணீர் மட்டத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு படத்தையும் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது எண் இல்லாமலே புரியும்.

படி 7: கல் இப்போது எங்கே?

ஓவியத்தில் உள்ள கோயில் எங்கே போனது என்று தெரிந்தால், அதன் இன்றைய படத்தோடு கல்லுக்குக் கல் ஒப்பிடலாம். கலாப்ஷா வடக்கே அஸ்வான் பேரணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, கெர்தாசியும் அங்கேதான். தெபோத் மாட்ரிட் நகரப் பூங்காவில். தாஃபேவின் வடகோயில் நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்துக்குள். தாஃபேவில் இருந்த தென்கோயில் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அழிந்துவிட்டது, இப்போது அது ஓவியங்களில் மட்டும்தான். எல்லெசியா என்ற சிறு பாறைக்கோயில் இத்தாலியின் தூரினில். அமாதாவை அறுக்காமல் தண்டவாளத்தில் வைத்து 2.6 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். தெந்தூர் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்.

அருவியைத் தாண்டி: மெரோவே

தெற்கே சூடானில் கதை வேறு. மெரோவேயின் பிரமிடுகளை ஏரி மூழ்கடிக்கவில்லை, மனிதன் உடைத்தான். லினாந்தும் பிரெஞ்சுக்காரர் கையோவும் 1821-22இல் அங்கே போய் வரைந்தார்கள். கையோவின் படத்தில் அமானிஷகெதோ அரசியின் பிரமிடு நல்ல உயரத்தோடு நிற்கிறது. 1833இல் ஆங்கிலேயப் பயணி ஹோஸ்கின்ஸ் வந்தார். 1834இல் இத்தாலிய மருத்துவர் ஃபெர்லினி பொன்னைத் தேடி அந்தப் பிரமிடை மேலிருந்து இடித்து, அரசியின் நகைகளை எடுத்துப்போனார். அவை இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் இருக்கின்றன. லெப்சியஸ் குழு 1844இல் வந்தபோது மிஞ்சியதைத்தான் வரைய முடிந்தது. இந்த வரிசையை ஆண்டுப்படி வைத்துப் பார்க்கும்போது, 1834க்கு முந்தைய ஒவ்வொரு தாளும் எவ்வளவு பெறுமதியானது என்று புரியும். நாகாவின் சிங்கக் கோயிலும் ரோம பாணிச் சிறு மண்டபமும் இன்னும் அதே இடத்தில் இருப்பதால், ஓவியர் எவ்வளவு நேர்மையானவர் என்று சோதித்துப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

எங்கே தேடுவது

லியருக்கு ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகமும் யேலின் பிரிட்டிஷ் கலை மையமும். பேங்க்ஸ் குழுவின் தாள்கள் டோர்செட்டில் உள்ள கிங்ஸ்டன் லேசி வீட்டைச் சேர்ந்தவை, பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் தளத்தில் தேடுங்கள். ஹேயின் தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில். ராபர்ட்ஸின் கல்லச்சுகளை அமெரிக்க காங்கிரஸ் நூலகமும் நியூயார்க் பொது நூலகமும் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளத் தருகின்றன. விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். ஒவ்வொரு கோயிலையும் யார் யார் வரைந்தார்கள் என்று தெரிய, பெர்த்தா போர்ட்டரும் ரோசலிண்ட் மாஸும் தொகுத்த பட்டியலின் ஏழாம் தொகுதியில் நூபியா இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடும்போது கோயிலின் பெயரை மூன்று நான்கு பழைய எழுத்துக்கூட்டல்களில் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே இடம், ஓவியர், ஆண்டு, மாதம், தாளின் எண் ஆகியவற்றைப் போட்டுவிடுங்கள். ஐம்பது படம் சேர்ந்த பிறகு செய்யலாம் என்று விட்டால் நடக்காது. அசல் ஓவியம் ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதென்றால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படவிடுவதில்லை. அதையும் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் வைத்துவிடுகிறார்கள்.

தொடங்க ஒரு கோயில் சொல் என்றால் தெந்தூரைச் சொல்வேன். சிறியது, எளிது. 19ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பின்னால் பாறைமலை, முன்னால் கல் மேடை, கீழே ஆறு. பக்கத்தில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் புகைப்படத்தைத் திறங்கள்: அதே வாசல், கண்ணாடிச் சுவருக்குள். சுவரில் 1820களில் பயணிகள் கிறுக்கிய பெயர்கள்கூட அப்படியே இருக்கின்றன. மூன்றாவதாக செயற்கைக்கோள் வரைபடம். அஸ்வானிலிருந்து ஆற்றின் பழைய போக்கிலேயே சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே, மேற்குக் கரை ஓரமாகப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். கோயில் நின்ற இடத்தில் நீலத் தண்ணீர் இருக்கும். அதற்கு மேலே மேற்கில் தெரியும் மலைவரியை ஓவியத்தின் மலைவரியோடு வைத்துப் பாருங்கள்.